அண்ணியின் ஹெவி லைசென்ஸ்

எங்கள் அண்ணியை யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் சொந்த லாரி ஓட்டியவன். முதுகுத்தண்டில் அடிபட்டதும், இனி ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லாரி வாசலில் நின்றது. அண்ணன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டான். தானே ஓட்டுவதாகச் சொல்லி அண்ணி லாரி ஓட்டும் ஹெவி லைசென்ஸுக்காக டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். தெருவே சிரித்தது. தெருவுக்கு வேறென்ன வேலை? டெஸ்டில் தேறாவிட்டால் அன்று சாயங்காலமே லாரியை விற்றுவிடுவதென்று அண்ணன் வாங்குகிற ஆளையும் வரச் சொல்லிவிட்டான்.

டெஸ்டுக்கு முந்தின நாள் அண்ணன் மகள் ஆங்கிலப் பாடத்தோடு வந்தாள். ‘ஹெவி’ என்ற சொல்லுக்கு நேர்ப்பொருளும் வேண்டுமாம், உவமையாகச் சொல்லும் பொருளும் வேண்டுமாம். மூட்டை ஹெவி, லாரி ஹெவி, அது சுலபம். மழையும் டிராஃபிக்கும் ஹெவி என்று நான் அடுக்கினேன். மனசும் ஹெவி என்றது அகராதி. நமக்கு மட்டும் மனசு கனக்காமலா இருக்கிறது?

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி, அண்ணன் படுத்திருந்த அறைப் பக்கம் பார்த்தாள்.

“எந்தக் கனமா இருந்தாலும் நின்ன இடத்துலேர்ந்து கிளப்புறதுதான் கஷ்டம். நகர்ந்துட்டா வந்துடும்.”

மறுநாள் டெஸ்ட் லாரி ஜல்லி லோடோடு வந்து நின்றது. இறக்க ஆள் வரவில்லையாம். எல்லோரும் பழகியதோ காலி வண்டியில். மேட்டில் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். முன்னால் போன தடியன்கள் இன்ஜினை அணைத்துவிட்டு அசடு வழிய இறங்கினார்கள்.

அண்ணி ஏறினாள். அண்ணன் படுத்த நாளிலிருந்து தண்ணீர் கேன் வண்டியை மேட்டுத் தெருவில் தள்ளி வீட்டைக் காப்பாற்றியவள் அவள். பாரத்தோடு அவசரப்படக் கூடாதென்று அவள் காலுக்கே தெரியும். கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். இன்ஜின் உறுமி, வண்டி முன்னால் இழுத்த பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை எடுத்தாள். ஒரு சாண்கூடப் பின்வாங்கவில்லை. உச்சிக்குப் போய் ஹாரன் அடித்தாள் பாருங்கள், யாரும் அடிக்கச் சொல்லவே இல்லை! நான் விசிலடித்தேன், இந்த வயதில்.

அண்ணி தேறிவிட்டாள். சாயங்காலம் லாரி வாங்குகிறவர் வந்ததும், அண்ணன் சுவரைப் பிடித்தபடி தானாக எழுந்து வாசலுக்கு வந்தான்.

“வண்டி விக்கிறதுக்கில்லைங்க. டிரைவர் டீ குடிச்சிட்டிருக்காங்க. குடிச்சதும் நாங்க கிளம்பணும்” என்றான்.

பிறகு என் தோளைப் பிடித்து மெதுவாக ஏறி, கிளீனர் சீட்டில் உட்கார்ந்துகொண்டான்.