மடியில் உட்கார வைக்க ஒரு டெஸ்ட்

மூன்று எச்.பி. மோட்டாரைத் தரையிலிருந்து மேசைக்குத் தூக்கி வைக்க முடியவில்லை. முதல் அறிகுறி அதுதான். கடலூர் செம்மண்டலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலை. அந்த எடையைப் பல வருடங்களாகத் தனியாளாகத் தூக்கியிருக்கிறேன். அன்று பாதித் தூக்கலில் கை விட்டுவிட்டது. மோட்டார் என் கால் பக்கத்தில் விழுந்து சிமெண்டுத் தரையைப் பெயர்த்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சாப்பாடு வெறுத்தது. எண்ணெய் காயும் வாசனைக்கே குமட்டியது. வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம் இருந்துகொண்டே இருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் மஞ்சக்காமாலை என்றார்கள். என் கண்ணில் மஞ்சள் இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஈரலில் எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர், ஒரே மருந்து. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தேன். உப்பில்லாமல் சோறு தின்றேன். அந்த மாதங்கள் முழுக்க என் ஈரல் உள்ளே இறுகிக்கொண்டிருந்தது.

என் தங்கை வாணி சிதம்பரத்தில் இருக்கிறாள். அவள் கணவர் செந்தில், அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் லாட்ஜுகளுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அப்பா, அம்மா இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது வேறு கதை. வாணிதான் என்னைச் சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ஈரல் மருத்துவர் ஒரு அம்மா. சுற்றி வளைக்காமல் பேசுவார். அது எனக்குப் பிடித்தது. ஹெபடைடிஸ் சி (ரத்தத்தின் வழியாகப் பரவி, பல வருடம் சத்தமில்லாமல் ஈரலைக் கெடுக்கும் வைரஸ்) என்றார். ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று வெளியிலிருந்தே அளக்கும் கருவி) எடுத்துப் பார்த்துவிட்டு, சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்குவது) ஆரம்பித்துவிட்டது என்றார்.

எப்படி வந்தது என்று கேட்டேன். பச்சை குத்தியிருக்கிறாயா, ரத்தம் ஏற்றினார்களா, ஊசியைக் கொதிக்க வைக்காமல் போடுகிற டாக்டரிடம் போனதுண்டா, சலூனில் யாருக்கோ போட்ட பிளேடால் சவரம் செய்ததுண்டா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். பச்சை குத்தவில்லை, ரத்தம் ஏற்றவில்லை. மற்ற இரண்டும் எங்கள் ஊரில் யாருக்குத்தான் நடக்கவில்லை? வந்த வழி எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. இதே நோய் வந்தவராக இருந்தால் உங்களுக்கும் தெரியாமல் போகலாம். ஊருக்கு மட்டும் தெரியும். குடி என்றார்கள், பொம்பளை சகவாசம் என்றார்கள். நான் பீர்கூடத் தொட்டதில்லை. ஒரு கட்டத்தில் பதில் சொல்வதை விட்டுவிட்டேன்.

தினமும் மாத்திரை, ஆறு மாதம். இறுகிய ஈரல் என்பதால் கூடவே ரிபாவிரின் என்ற மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அது ரத்தத்தில் சிவப்பணுவை உடைக்கும். கடை மாடியில்தான் என் அறை. அந்தப் படியை ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. உடம்பெல்லாம் அரிப்பு. தூக்கம் போனது. காரணமே இல்லாமல் கோபம் வந்தது. வாடிக்கையாளர்களை வாய்க்கு வந்தபடி பேசினேன். பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். சில நாட்கள் மாலை வரை ஒரு வார்த்தை பேச ஆள் இருக்காது. செம்புக் கம்பி விரலைக் கிழிக்காத நாள் என் தொழிலில் கிடையாது. கிழித்த உடனே வேலையை நிறுத்தி, கழுவி, பிளாஸ்திரி ஒட்டி, மேசையை பிளீச்சிங் தண்ணீரால் துடைப்பேன். அந்த ஆறு மாதமும் என் ரத்தத்துக்கு நானே காவல்காரன்.

மாதா மாதம் பரிசோதனைக்குப் பேருந்தில் சிதம்பரம் போவேன். முடிந்ததும் வாணி வீட்டில் சாப்பாடு. ஒரு நாள் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தபோது அடியில் நகப்பாலிஷால் வைத்த சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன். தட்டைத் திருப்பினேன். அதிலும் இருந்தது. மற்றவர்கள் தட்டில் இல்லை. சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது என்று மருத்துவர் சொன்னபோது வாணி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கேட்டேன்.

"தெரியும்ணா. வீட்ல கொழந்த இருக்குல்ல" என்றாள்.

குழந்தை யாழினி. என் மருமகள். அப்போது அவளுக்கு இரண்டு வயது முடியவில்லை. நான் போனால் கதவருகிலேயே என் காலைக் கட்டிக்கொள்வாள். வாணி வந்து பேச்சுக் கொடுத்தபடியே அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

மருந்து முடிந்து மூன்று மாதம் கழித்து எடுக்கிற வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணும் பரிசோதனை) தான் தீர்ப்பு. எனக்கு வைரஸ் இல்லை என்று வந்தது. "போயிடுச்சு. நீங்க குணமாயிட்டீங்க. ஆனா ஈரல்ல தழும்பு இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன், ஆயுசு முழுக்க" என்றார் மருத்துவர். வெளியே தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பிச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. எழுந்து போய் பேருந்து ஏறினேன்.

அதற்குப் பிறகுதான் யாழினிக்குக் காதுகுத்து வைத்தார்கள். செந்தில் வீட்டுக் குலதெய்வம் மங்கலம்பேட்டைப் பக்கம். மொட்டை அடிப்பதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான். அவளுக்குச் சொந்தத் தாய்மாமன் நான் ஒருவன்தான். எனக்கென்று ஒரு பிள்ளை இனிமேல் வரப்போவதில்லை. அந்த மடி ஒன்றுதான் எனக்கு மிச்சம். பட்டுப்பாவாடையும் தோடும் எடுத்து வைத்திருந்தேன்.

செந்தில் போன் செய்தார். "மச்சான், தப்பா எடுத்துக்காத. எங்கம்மா கேக்கறாங்க. ரத்தம் வர்ற காரியம். கடசியா ஒரே ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வந்துடேன்."

ஆஸ்பத்திரி ரிசல்ட் இருக்கிறதே என்றேன். அது பழசு என்றார். எனக்கு வீம்பு ஏறிவிட்டது. கடலூரில் ஒரு லேபுக்குப் போய் ஹெபடைடிஸ் சி டெஸ்ட் என்று கேட்டேன். விரலில் குத்தி, ஒரு சின்ன அட்டையில் ரத்தம் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பாசிட்டிவ் என்றார்கள்.

செந்திலுக்கு நானே சொன்னேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றேன். "சரி மச்சான்" என்றார். அந்தச் சரி கொஞ்சம் தயங்கி வந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. எங்கள் பெரியப்பா மகன் முருகனை மாமனாக உட்கார வைப்பதாக முடிவாயிற்று.

நான் கடையைத் திறக்கவில்லை. பாதி சுற்றிய மோட்டார் மேசையிலேயே கிடந்தது. மறுபடி அந்த மாத்திரை, அந்த மூச்சிரைப்பு, அந்தக் கோபம் என்று நினைத்தபோது வேண்டாம், இப்படியே போகட்டும் என்றிருந்தது. யாரும் போன் செய்யவில்லை. மருத்துவரைக் கேட்கவும் தோன்றவில்லை. அவர் என்னிடம் பொய் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். கடைசியில் அவரைத் திட்டுவதற்காகத்தான் சிதம்பரம் போனேன்.

அவர் என்னைத் திட்டினார்.

"யாரு உங்கள இந்த டெஸ்ட்ட எடுக்கச் சொன்னது? இது ஆன்டிபாடி டெஸ்ட். வைரஸ எதிர்த்து உங்க உடம்பு செஞ்சு வச்ச ஆயுதம் அது. சண்ட முடிஞ்சாலும் ஆயுதம் உள்ளயேதான் இருக்கும். சாகற வரைக்கும் அட்டையில பாசிட்டிவ்னுதான் வரும்."

சந்தேகத்துக்கு வைரல் லோடு மறுபடி எடுத்தார்கள். வைரஸ் இல்லை. மருந்து முடித்தவர்களுக்குச் சொல்கிறேன்: யார் கேட்டாலும் அந்த அட்டை டெஸ்ட்டை எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். அது நோய் வந்துபோனதைச் சொல்லும். இப்போது இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு வைரல் லோடு மட்டும்தான். இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த நாட்கள் எனக்கு வந்திருக்காது.

ரிசல்ட்டோடு வாணி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து அவள் முன்னால் வைத்தேன். சிவப்புப் புள்ளி பாதி உரிந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்காமல் வந்துவிட்டேன்.

காதுகுத்து அன்று காலையில் சீர்த்தட்டோடு கோயிலுக்குப் போனேன். முருகன் ஏற்கெனவே மணையில் உட்கார்ந்திருந்தான். யாழினி அவன் மடியில் திமிறிக்கொண்டிருந்தாள். அங்கே வேறு குடும்பங்களின் குழந்தைகளும் வரிசையில் இருந்தார்கள். முன்னால் ஒரு குழந்தைக்கு மொட்டை போட்ட கத்தியை நாவிதர் துணியில் துடைத்துவிட்டு அப்படியே எங்கள் பக்கம் திரும்பினார்.

"பிளேடு மாத்துங்க" என்றேன்.

நல்ல காரியத்தில் சத்தம் போடுகிறானே என்று செந்திலின் அம்மா முணுமுணுத்தார். எனக்கு அடக்க முடியவில்லை. "அத்த, என்னப் பாத்துப் பயப்படறீங்க. எனக்கு இந்த மாதிரி ஒரு பிளேடுலகூட வந்திருக்கலாம். அதப் பாத்து ஏன் பயப்பட மாட்டேங்கறீங்க?" என்றேன். நாவிதர் மறுபேச்சில்லாமல் பையிலிருந்து புது பிளேடை எடுத்து மாட்டினார். பாக்கெட் முழுக்க அவரிடம் இருந்தது. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

வாணி முருகனிடம் போனாள். "எழுந்திரிண்ணே. எங்கண்ணன் வந்துட்டான்."

"அப்பாடா. வயித்துல ஒதச்சே கொன்னுட்டா. வாடா, இனிமே நீ வாங்கு" என்று சொல்லிக்கொண்டே முருகன் எழுந்தான்.

உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். முடி இறங்கியது. ஆசாரி முதல் காதில் கம்பியை ஏற்றினார். யாழினி வீறிட்டாள். காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

என் இரண்டு கையும் அவளை விட்டுவிட்டு மேலே போய்விட்டன. நான் நினைத்துச் செய்யவில்லை. விரலில் பழைய வெட்டு எதுவும் திறந்திருக்கிறதா என்று கண் தானாகத் தேடியது. குழந்தை மடியிலிருந்து சரிந்தாள். இத்தனை பேரிடம் சண்டை போட்டு வாங்கிய மடி. அதில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

"புடிண்ணா. கொழந்தயப் புடி" என்றாள் வாணி.

பிடித்தேன். இரண்டாவது காதும் முடிந்தது. வாணி முந்தானையால் குழந்தையின் காதைத் துடைத்தாள். என் மணிக்கட்டில் ஒரு துளி பட்டிருந்தது. அதே முந்தானையால் அதையும் துடைத்தாள்.

சாப்பிட்டுவிட்டுத் தனியாகத்தான் கடலூர் திரும்பினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். செந்திலின் அம்மா இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கனமான மோட்டாருக்கு இப்போது ஆள் கூப்பிடுகிறேன். முன்பெல்லாம் வருடம் என்றால் பொங்கலிலிருந்து பொங்கல் வரை. இப்போது ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரை. நடுவில் உள்ள நாட்களை யாரோ கைமாற்றாகக் கொடுத்ததுபோல் இருக்கிறது. விலாவுக்குக் கீழே சின்னதாக ஏதாவது தோன்றினால் வேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்கிறேன்.

போன வாரம் கம்பி கட்டைவிரலைக் கிழித்தது. எழுந்து பிளாஸ்திரி டப்பாவைத் திறந்தேன். திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மூடி வைத்துவிட்டு, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுபோல விரலை வாயில் வைத்துச் சப்பினேன். உப்புக் கரித்தது. மோட்டார் பக்கம் திரும்பி, விட்ட சுற்றிலிருந்து மறுபடி சுற்ற ஆரம்பித்தேன்.