வார்டரின் தீப்பெட்டி

மனநோய் ஆஸ்பத்திரியில் வார்டராக இருப்பவனுக்கு மருந்துப் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தீப்பெட்டியைத் தொலைக்காமல் இருக்கத் தெரிய வேண்டும். அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்தைத் தாண்டி இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த உத்தியோகம். ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீசிலும் அடுத்தவன் மனசு வைக்கட்டும் என்று கால் கடுக்க நின்ற உங்களுக்கு, நான் சொல்லப்போவது புரியும்.

நெருப்பு யாருடையது

நோயாளிகள் கையில் நெருப்பு இருக்கக் கூடாது. அது நியாயம்தான். ஆனால் அவர்கள் வீட்டார் வாங்கிவந்த பீடியும் ஹெட் வார்டரின் டப்பாவுக்குள் போய்விடும். காலையில் ஒன்று, மாலை நாலு மணிக்கு ஒன்று. அதுவும் ஒழுங்காக இருந்தால்தான். வரிசையாக வந்து வாயை நீட்டுவார்கள், நான் பற்றவைப்பேன்.

பல்லாவரம் தோல் கம்பெனியில் வேலை பார்த்த முனுசாமி அந்த வரிசையில் ஒருவர். தூக்கம் கெட்டு, கண்டபடி பேசி, அண்ணன் கொண்டுவந்து விட்டவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நன்றாகத் தெளிந்திருந்தார். முதல் நாளே என்னைக் கேட்டார்: "பீடி என்னுது, வாய் என்னுது. அப்பால இன்னாத்துக்கு சார் உன்னாண்ட வந்து நிக்கணும்?"

வாத்தியார் கற்றுக்கொண்டது

பீடி பிடிக்கிறவர்களை மட்டும் வேப்பமரத்தடிக்கு விடுவோம். மற்றவர்கள் பூட்டிய ஹாலுக்குள்ளேயே இருக்க வேண்டும். புகை உள்ளே வரக்கூடாது என்பதற்காகப் போட்ட ஏற்பாடு, புகை பிடிக்காதவனுக்குத் தண்டனையாகப் போனது. இதை யாரிடம் சொல்லி அழுவது?

கிழக்குத் தாம்பரத்து மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். பாக்குகூடப் போடாத மனிதர். ஒரு நாள் அவரும் வரிசையில் நின்றார். முதல் இழுப்பிலேயே இருமி இருமிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மரத்தடியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வெளியில இருந்தவரைக்கும் எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது தம்பி. குணமாகணும்னு வந்த இடத்துலதான் கத்துக்கிட்டேன்."

கேட்டால் கிடையாது

டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் முனுசாமி எழுந்து நின்று, எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்பார். சத்தம் போட்டதில்லை, கையைக் கட்டிக்கொண்டுதான் கேட்பார். டாக்டர் பதில் சொல்லாமல் நகர்ந்ததும், படபடப்பாக இருக்கிறான் என்று ஹெட் வார்டர் அவர் பீடியை ஒரு வாரம் நிறுத்திவிடுவார். வாரம் முடிந்ததும் முனுசாமி மறுபடி கேட்பார், பீடி மறுபடி நிற்கும். சில சமயம் பக்கத்துக் கட்டில்காரர், "வீட்டுக்குப் போகணும்னு கேளு" என்று உசுப்பிவிடுவார். இவர் கேட்டு மாட்டிக்கொள்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள்.

நாளாக ஆக, கேட்பதை விட்டுவிட்டார். டாக்டர் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஹெட் வார்டருக்கு ஒரே பெருமை: "பாத்தியா, எந்த ஊசியும் இல்லாம ஆள அடக்கிட்டேன்."

கன்னியம்மாவின் சட்டை

அவர் மனைவி கன்னியம்மா வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரம் சந்தையில் காய் விற்றுவிட்டு ரயிலேறி வருவாள். பீடிக் கட்டை வாங்கிக்கொள்வோம், புருஷனைப் பார்க்க விடமாட்டோம். பார்த்தால் அவருக்கு வீட்டு நினைப்பு வந்துவிடுமாம்.

வருஷத்துக்கு ஒரு தடவை வெளியிலிருந்து சில பெரியவர்கள் வருவார்கள். விசிட்டர்கள் என்போம். தெளிந்த நோயாளி அவர்களிடம் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி, அழைத்துப்போக ஆளும் வந்திருந்தால், அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான். இதை அவளிடம் சொன்னேன். அந்த நாளில், சலவை செய்த சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு விடிந்ததுமே கேட்டில் வந்து நின்றாள். "ஒரே ஒரு வார்த்தைதான சார்? அத்த சொல்லிட மாட்டாரா?"

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால்

காலையிலேயே முனுசாமியிடம் போய், இன்று கேட்பார்கள், தைரியமாகச் சொல்லுங்கள், கன்னியம்மா வந்திருக்கிறாள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தீப்பெட்டி இருந்த என் சட்டைப்பையைப் பார்த்தார்.

விசிட்டர்கள் வர மாலையாகிவிட்டது. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் கட்டிலோரம் குனிந்து, வீட்டுக்குப் போக விருப்பமா என்று அன்பாகத்தான் கேட்டார். பின்னால் ஹெட் வார்டர் பீடி டப்பாவோடு நின்றார். முனுசாமி எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, வேண்டாம் ஐயா, இங்கேயே சௌகரியமாக இருக்கிறது என்றார். பொய், முன்பெல்லாம் வீட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நான் குறுக்கே விழுந்து சொன்னேன். டாக்டர் என்னை வெளியே போகச் சொன்னார். அவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள்.

கேட்டில் நிற்பவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் வேப்பமரத்தடியில் நின்றேன். வாழ்க்கையே வெறுத்துப்போயிற்று. நாலு மணி அடித்ததும் முனுசாமிதான் முதல் ஆளாக வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. பீடியை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த தபா நான் ஏமாறல, பாத்தியா சார். எங்க, நெருப்பக் குடு."

எங்கள் வார்டில் நோயாளிகள் எல்லாரும் மனநிறைவோடு இருப்பதாக விசிட்டர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள், அந்த உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.