அம்மாவுக்கு வைத்த பத்தியம்

கிளினிக்கில் அந்த இளம் பெண் டொக்டர் கேட்டது சாதாரணக் கேள்விதான். வருகிற எல்லோரிடமும் கேட்பது.

"உங்கட குடும்பத்தில வேற ஆருக்கும் சீனி வருத்தம் இருந்ததோ அக்கா?"

"ஓம், அம்மாவுக்கு இருந்தது. அதிலதான் அவா செத்தவா," என்றேன். இத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமான வசனம் அது.

"என்ன மருந்து எடுத்தவா? குளிசையோ, ஊசியோ?"

அம்மா குளிசை விழுங்கி நான் பார்த்ததில்லை. ஊசி போட்டும் பார்த்ததில்லை. சீனிக்கென்று ஒரு நாளாவது ஆஸ்பத்திரிப் படி ஏறியதில்லை. டொக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஞாபகம் இல்லாட்டிப் பரவாயில்லை," என்று சொல்லி என் காலைப் பார்க்கக் குனிந்தார்.

நான் போனதே காலுக்காகத்தான். பரந்தனில் வீட்டு முன்னறையில் மெசினைப் போட்டுச் சட்டையும் பள்ளிக்கூட உடுப்பும் தைக்கிறேன். வலது கால் பெருவிரலில் செருப்பு வெட்டிய சின்னப் புண் மாதக்கணக்காக ஆறவில்லை. எனக்கும் சீனி, அதுவும் ஏகத்துக்கு ஏறிக் கிடக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. குளிசை தந்தார்கள். சோற்றைக் குறைத்துச் சீனியை இறக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றும் டொக்டர் சொன்னார். அது மெசின் மிதிக்கிற கால். அந்த விரல் போனால் என் பிழைப்பும் போகும்.

ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போது விரலைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அம்மாவைத்தான் யோசித்தேன்.

சண்டையின் கடைசி மாதங்களில் நாங்கள் மூன்று பேர். அம்மா, நான், பதினைந்து வயதுத் தம்பி. அப்பா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். வீட்டை விட்டு வெளிக்கிட்டு இடம் மாறி இடம் மாறிக் கிழக்கே போனோம். புதுக்குடியிருப்பில் இருந்தவரைக்கும் அம்மா உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கி நக்கித்தான் தேத்தண்ணி குடித்தார். இனிப்பென்றால் அவருக்கு உயிர். பிறகு அங்கேயும் இருக்க முடியாமல் கடற்கரை மணலுக்குப் போனோம். அங்கே சீனியும் இல்லை, அரிசியும் இல்லை. கிடைத்ததெல்லாம் உப்புக் கஞ்சி. வரிசையில் நின்று வாங்கி வந்து மூன்றாகப் பிரிப்போம்.

அப்போதுதான் அம்மாவுக்குச் சீனி வந்தது.

"எனக்குச் சீனி. கஞ்சி கூடாது. நீங்கள் குடியுங்கோ பிள்ளையள்," என்பார். தன் பங்கைத் தம்பியின் தகரப் பேணிக்குள் ஊற்றிவிடுவார். அவருக்குத் தலை சுற்றியது, கால் விறைத்தது, ஓயாமல் தண்ணீர் விடாய்த்தது. பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தில் இருந்த மனிசி, "சீனி எண்டால் இப்பிடித்தான் செய்யும்," என்று சாட்சியும் சொன்னாள். நாங்கள் நம்பினோம். தம்பி வளர்கிற பெடியன், அவனுக்கு எவ்வளவு குடித்தாலும் பசி அடங்காது. எனக்கும் அடங்காது. ஒரு காலையில் அம்மா எழும்பவில்லை. சீனி கூடிச் செத்துப்போனா என்று நாங்கள் இரண்டு பேருமே எல்லோருக்கும் சொன்னோம்.

அதைவிட மோசமான ஒன்றையும் செய்தோம். ஊர் திரும்பிய பிறகு வருடா வருடம் சித்திரையில் அம்மாவுக்குத் திவசம் கொடுக்கிறோம். வாழையிலையில் படைப்போம். அவருக்குத்தான் சீனியாயிற்றே என்று பாயாசம் வைக்க மாட்டோம். வாழைப்பழம் வைக்க மாட்டோம். ஒரு கரண்டிச் சோறு, பாகற்காய்க் கறி, சீனி போடாத தேத்தண்ணி. பட்டினியால் செத்தவளுக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து வருடா வருடம் பத்தியம் வைத்திருக்கிறோம். பஸ்ஸில் இது விளங்கியபோது நான் சத்தமாக அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண், புண் நோகிறதாக்கும் என்று தள்ளி இருந்து காலை நீட்ட இடம் தந்தாள்.

தம்பிக்கு நான் எதையும் சொல்லவில்லை. அவன் இரணைமடுப் பக்கம் வயல் செய்கிறான். பெண்சாதி பிள்ளைகளோடு அங்கேயே இருக்கிறான். அரிசி மூட்டையோடு வந்தவன் கால்கட்டைப் பார்த்துக் கேட்டான். செருப்பு வெட்டினது என்றேன். அது பொய்யில்லை. எனக்குச் சீனி என்று சொல்லத்தான் நாக்கு எழும்பவில்லை. அது அம்மாவின் வசனம்.

ஊருக்குச் சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். சட்டை அளவு கொடுக்க வந்த பெண்கள் எல்லோரும் வைத்தியர்களானார்கள். ஒருத்தி வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு என்றாள், ஒருத்தி கறிவேப்பிலை என்றாள். தன் மாமியார் ஆவாரம்பூக் குடித்து எண்பது வயது வரைக்கும் இருந்தாவென்று ஒருத்தி சொன்னாள். அந்த மாமியார் இருந்ததில் அவளுக்குப் பெரிய சந்தோசமில்லை என்பதும் கதையோடு கதையாகத் தெரிந்தது. கிளினிக் நேர்ஸ் காலையில் குரக்கன் மாக் கஞ்சி குடிக்கச் சொன்னார். காய்ச்சினேன். கொதித்து வந்த ஆவி முகத்தில் பட்டதும் அந்தக் கடற்கரை மணல் மணத்தது. அப்படியே வேலிக்கரையில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு அங்கேயே குந்தியிருந்து சத்தி எடுத்தேன்.

சரி, சோற்றையாவது குறைப்போம் என்று சாப்பாட்டுக் கோப்பையில் பாதிதான் போட்டேன். கோப்பையின் வெறும் பாதி என்னைப் பார்த்தது. முதுகுக்குப் பின்னால் அம்மா நிற்கிறார். நிற்கிறார் என்று எனக்குத் திடமாகத் தெரிந்தது, திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. "எனக்குச் சீனி, நீங்கள் குடியுங்கோ." அவ்வளவுதான், கை தானாகப் பானைக்குப் போனது. வழித்துத் துடைத்துத் தின்றேன். போகிற வீடுகளில் சீனித் தேத்தண்ணி நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்ல வராது, குடித்துவிடுவேன். அடுத்த முறை கிளினிக்கில் சீனி இன்னும் ஏறியிருந்தது. புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று திட்டினேன். "அப்ப உங்கட பங்கைத் தந்து தந்து என்னைத் தின்ன வைச்சீங்கள். இப்பவும் விடுறீங்கள் இல்லை. என்ர கால் போகட்டோ?" படத்தில் இருந்தவர் எப்போதும்போல் இருந்தார்.

வழி கிடைத்தது தற்செயலாக. ஒரு மத்தியானம் முருங்கையிலை வறையும் பயிற்றங்காயும் கூடிப்போயின. சட்டியோடு மிஞ்சினால் பழுதாகிவிடும் என்று கோப்பை நிறைய அவற்றையே முதலில் போட்டேன். சோற்றுக்கு இடம் கொஞ்சம்தான் இருந்தது. பானையை மூடி போடாமல் எனக்கு நேரே வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பானை நிறையச் சோறு வெள்ளையாக, கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் கவனித்தேன், முதுகுக்குப் பின்னால் ஒருவரும் வரவில்லை.

எனக்குப் பயம் தந்தது வயிற்றுப் பசியில்லை, வெறுமையாய்க் கிடந்த கோப்பையும் கண்ணில் படாத சோறும்தான் என்று விளங்கிவிட்டது. அதன் பிறகு பானையில் நான் குறைப்பதே இல்லை. வழமைபோலவே காய்ச்சுவேன். கோப்பையில் முதலில் கீரை, பிறகு காய், மீன் கிடைத்தால் மீன், கடைசியில் ஒரு பிடி சோறு. சாப்பிடும்வரை பானை என் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். மிச்சம் கோழிக்கும் நாய்க்கும். கஞ்சி எந்த வடிவத்திலும் இல்லை. நேர்ஸிடம் இதைச் சொன்னபோது சிரித்தார், சீனி இறங்கியதைப் பார்த்ததும் அப்படியே செய்யச் சொன்னார். தேத்தண்ணிக்கும் ஒரு வழி கண்டேன். ஆரும் போடுவதற்கு முன்பே, "எனக்குச் சீனி போடாமல் தாங்கோ, அதுதான் எனக்கு விருப்பம்," என்பேன். சீனியில் விருப்பமாயிருந்த அம்மா தனக்கு வருத்தம் என்று சொன்னார். வருத்தம் உள்ள நான் விருப்பம் என்கிறேன். அம்மாவுக்குப் பிறந்தவள்தானே.

புண் சுருங்கத் தொடங்கிய நேரம் சித்திரை வந்தது. திவசத்துக்குத் தம்பி எப்போதும் தனியாகத்தான் வருவான், அது எங்கள் இரண்டு பேருக்குமான நாள். குசினிக்குள் வந்தவன் அடுப்பைப் பார்த்து நின்றான்.

"என்னக்கா, பாயாசமோ? அம்மாவுக்குச் சீனியெல்லோ."

"அம்மாவுக்குச் சீனி இல்லையடா," என்றேன். டொக்டர் கேட்டதையும் அம்மா ஒரு நாளும் குளிசை விழுங்காததையும் சொன்னேன். எனக்குச் சீனி இருப்பதை அப்போதும் சொல்லவில்லை.

அவன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். பிறகு, "என்ர பேணிக்குள்ள எல்லோ ஊத்தினவா," என்றான். அவ்வளவுதான் சொன்னான். எழும்பிக் கடைக்குப் போய் ஒரு சீப்பு வாழைப்பழமும் சீனியும் வாங்கி வந்தான்.

அன்று அம்மாவுக்கு இலை நிறையப் படைத்தோம். சோற்றைக் குவித்தோம். தேத்தண்ணிக்குப் பக்கத்தில் தம்பி ஒரு குவியல் சீனியைக் கொட்டினான், உள்ளங்கையில் கொட்டுகிற அளவு. காகத்துக்கு வைத்துவிட்டு வந்து சாப்பிட இருந்தோம். அவன் எனக்கு இலையில் சோற்றை அள்ளிப் போட்டான், பாயாசத்தைக் கிண்ணத்தில் வார்த்து நீட்டினான். நான் வேறு யோசனையில் இருந்தேன். கை தானாக அதை அவன் பக்கம் தள்ளியது.

"எனக்குச் சீனி. நீ குடி."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அவனுடைய கை அந்தரத்தில் நின்றது. முகம் அந்தப் பதினைந்து வயது முகமாகிவிட்டது.

"அக்கா," என்றான். "உண்மையாத்தானோ?"

"உண்மையாத்தான்."

"அம்மாவும் இப்பிடித்தான் சொன்னவா."

நான் எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து குளிசைப் பையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதில் எழுதியிருப்பது என் பெயர்தானா என்று எழுத்துக் கூட்டி வாசித்தான். உள்ளே குளிசை இருக்கிறதா என்று கொட்டிப் பார்த்தான். பிறகு குனிந்து என் காலைப் பிடித்து விரலையும் பார்த்தான்.

அதற்குப் பிறகுதான் பாயாசத்தைக் குடித்தான்.