ஜப்பான் அக்காவின் திங்கட்கிழமை

லொசானை அடுத்த ரெனானில் எங்கள் சமையலறை மேசையில் ஒரு நாள் ஜப்பான் அக்கா வைத்த சாவி இன்னும் கண்ணில் நிற்கிறது. தொலையாமல் இருக்க உள்ளங்கை அகல மரக்கட்டையில் கோத்த, அவருடைய கட்டடத்துச் சலவை அறைச் சாவி. இந்த நாட்டு அடுக்குமாடிகளில் இருந்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். சலவை இயந்திரம் எல்லோருக்கும் பொது. அன்றைய முறைக்காரரிடம்தான் சாவி இருக்கும். நாளை விட்டுக்கொடுத்தால் அழுக்குத் துணியோடு காத்திருக்க வேண்டியதுதான்.

என்னிடம் பிரெஞ்சு உரையாடல் பழக வந்த முதல் ஆள் அவர். நான் அப்போது மொழியியல் படித்துக்கொண்டிருந்தேன். கற்பிக்கிற ஆசை தலைக்கேறியிருந்தது. பக்கத்துத் தெருவில் குடியிருந்து, லொசானில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் சமைத்துவந்தவரை, அம்மா சொன்னபடி அக்கா என்றே கூப்பிட்டேன். அவருக்குத் திங்கள் மட்டும்தான் விடுமுறை. சலவை முறையும் அன்றுதான். கீழ்வீட்டு அம்மையார் படிக்கட்டில் மறித்து அந்த நாளைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார். அக்கா கேட்ட நேரமெல்லாம் தலையாட்டி, பிரெஞ்சில் ஆமாம் ஆமாம் என்று "வுய், வுய்" போட்டிருக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அப்படிக் காட்டுவது ஜப்பானியர் பழக்கம். கீழ்வீட்டாருக்கு அது சம்மதம். மறுவாரம் சலவைப் பட்டியலில் அக்காவின் பெயர் வியாழனுக்கு மாறிவிட்டது. வியாழனில் காலை முதல் இரவுவரை வேலை. திங்களை மீட்கத்தான் படிக்க வந்தார்.

நான் கீழ்வீட்டு அம்மையாராக நடித்தேன். நான் முடிக்கும்வரை அக்காவின் தலை அசையக் கூடாது, சத்தம் வரக் கூடாது. மேசை விளிம்பை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "உங்களை அவமதிக்கிற மாதிரி இருக்கிறது" என்றார். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பினார்.

"ஏன் பிள்ளை அவவைக் கல்லு மாதிரி இருத்தி வைச்சிருக்கிறாய்? ஆரும் கதைச்சால் நாங்களும் ஓம் ஓம் எண்டுதானே கேக்கிறனாங்கள். நீ கதைக்கேக்கதான் ஒரு ஓம் சொல்லவும் இடம் விடுறேல்லை."

அம்மா சொன்னது சரிதான். தொலைபேசியில் மாமிக்கு அரை மணி நேரம் ஓம் சொல்லிவிட்டு, கடைசியில் "அது சரிவராது மச்சாள்" என்று வைப்பவர் அவர். இதை நான் பிரெஞ்சில் சொன்னதும் அக்கா சிரித்தார்; மேசையிலிருந்து கையை எடுத்தார். அதன்பிறகு நாங்கள் பழகியதெல்லாம் அந்தக் கடைசி வசனத்தைத்தான்.

சில வாரங்கள் கழித்து ஒரு திங்கள், ஈரக் கையோடு வந்து சாவியை மேசையில் வைத்தார். கீழ்வீட்டு அம்மையார் தன் முழங்கால் வலி, மகன் வருகை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை இவர் தலையாட்டினாராம். "முழுக்க வுய். முடிவில், திங்கள் என்னுடையது, மடாம்." இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நின்றபடியே தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அக்கா ஜப்பானுக்குத் திரும்பிவிட்டார். இப்போது திரைவழியே அந்த ஊர்க்காரர் பலருக்கு உரையாடல் சொல்லிக்கொடுக்கிறேன். நான் பேசப் பேசத் தலைகள் ஆடும், தடுப்பதில்லை. "சரி, உங்கள் பதில்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். எனக்கு அதுதான் கஷ்டம்.

சென்ற வாரம் மேல்வீட்டுக்காரர் எங்கள் சலவை நாளைக் கேட்டு வந்தார். வழக்கமாக நடுவில் புகுந்துவிடுவேன். அன்று அவர் முடிக்கும்வரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் அது சரிவராது என்றேன். இன்று எங்கள் முறை, சாவி அதே மேசையில்தான் இருக்கிறது.