அப்பாவின் கம்பளிக் கில்ட்டும் கறுப்புக் கில்ட்டும்

நனைந்த கம்பளி, சூடேற்றியின் மேல் மெல்லக் காயும்போது ஒரு மணம் எழும். சுவிஸில், துன் நகரத்தில் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டில், மழை பெய்த ஞாயிற்றுக்கிழமைகளில், அந்த மணம் நடையில் தொடங்கி, அம்மா வதக்கும் வெங்காயத்தோடு கலந்து, என் பள்ளிக்கூடப் பை வரைக்கும் ஏறிவிடும். "வீடு முழுக்க ஆட்டுக்கொட்டில் மணக்குது" என்று அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு சன்னலைத் திறப்பார். மணத்துக்குக் காரணம், அப்பா உடுத்துக்கொண்டு போய் மழையில் நனைத்துக் கொண்டுவந்த, ஸ்கொட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றி உடுக்கும், கரும்பச்சைக் கட்டம் போட்ட ஒரு கில்ட்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை செய்த என் அப்பாவுக்கும் ஸ்கொட்லாந்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், ரூடி என்றுதான் சொல்ல வேண்டும். ரூடி அதே ஹோட்டலில் பாண் சுடுபவர். தாடி வைத்த, பெரிய உடம்புக்காரர். அவரும் நண்பர்களும் சேர்ந்து, காற்றுப்பையை அக்குளில் இடுக்கி ஊதும் பேக்பைப் குழு ஒன்றை ஊரில் நடத்தி வந்தார்கள். ஒருநாள் அப்பா கழுவிய பெரிய அண்டாவைக் கவிழ்த்து வைத்துக் கையால் தட்டிக்கொண்டிருந்ததை ரூடி கேட்டிருக்கிறார். குழுவில் பெரிய மேளம் அடித்தவர் முழங்கால் வருத்தத்தால் விலகியிருந்த நேரம் அது. "இண்டைக்குப் பின்னேரம் என்னோட வா" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த நாட்டுக்கு வந்து அத்தனை வருடங்களில், வேலைக்கும் வதிவிடப் பெர்மிட் அலுவலுக்கும் அல்லாமல் வேறெதற்காகவும் அப்பாவை யாராவது "வா" என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

அப்பா முதன்முதலாகக் கில்ட்டோடு வீட்டுக்குள் வந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா அவரைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்துவிட்டு, "என்னங்கோ இது, பாவாடையோ?" என்றார்.

"சாரம் கட்டி வளந்தவனுக்கு இதென்ன பெரிய விசயமே? கொஞ்சம் கட்டை, அவ்வளவுதான்" என்று சொல்லி அப்பா ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். பின்பக்க மடிப்புகள், அம்மா சேலைக்கு வைக்கும் "கொய்யகம்" போல ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்து மூடின. நான் கைதட்டினேன். அம்மா சிரிக்கவில்லை.

அந்தக் கில்ட்டின் கனம் சொல்லி விளங்காது. அதைத் தூக்கிக்கொண்டு நடைக்குப் போவதற்குள் என் கை வலித்துவிடும். கட்டிடத்தார் எல்லாருக்கும் பொதுவாக நிலவறையில் இருந்த "வெஷ்குக்கி" என்ற சலவையறை இயந்திரத்தில் அதைப் போட முடியாது, சுருங்கிவிடும். காயப்போட்டால் கீழ்வீட்டுச் சீமாட்டி மணக்கிறது என்று சொல்வார். எமன்புரூக்கே என்ற ஊரிலிருந்து மாமா வரும்போதெல்லாம் "அத்தான், பாவாடை எங்க?" என்று கேட்டுச் சிரிப்பதும், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போவதும் வழக்கமாகிவிட்டன. அப்பா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒவ்வொரு மடிப்பையும் விரலால் நீவி, நூலால் தைத்துக் கட்டி, ஈரத்துணி போட்டு இஸ்திரிக்கை பிடித்துவிட்டுத்தான் படுப்பார்.

அடுத்த கோடையில்தான் பிரச்சினை வந்தது. ஏரிக்கரையில் ஊர் விழா. தார் உருகும் வெயில். குழுவின் இளையவர்களில் ஒருத்தி நாத்யா, தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தவள், ஊதிக்கொண்டே நடந்து வந்தவள் திடீரென்று கால் மடங்கிச் சரிந்தாள். பின்னால் வந்த அப்பா மேளத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய், தலை நிலத்தில் அடிபடுவதற்கு முன் அவளைத் தாங்கிக்கொண்டார். மேளம் உருண்டு புல்வெளிக்குப் போனது. நிழலில் கிடத்தித் தண்ணீர் கொடுத்ததும் அவள் முதலில் சொன்ன வார்த்தை, "இந்தக் கம்பளியை இனி உடுக்க மாட்டேன்" என்பதுதான்.

அதன் பிறகு குழு இரண்டாகப் பிரிந்தது. புதுமாதிரிக் கில்ட் வேண்டும் என்றார்கள் இளையவர்கள். பருத்தித் துணி, ஒரே கறுப்பு நிறம், கைபேசி வைக்க இரண்டு பக்கமும் பை, இடுப்பில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டி, இயந்திரத்தில் துவைக்கலாம். ரூடிக்குப் பொறுக்கவில்லை. பையும் பட்டியும் வைத்தால் அது கில்ட் இல்லை, கூடாரம் அடிப்பவனின் காற்சட்டை என்றார். குழு வாசித்துப் பழகும் மண்டபம் அந்த வாரம் திறக்கவில்லை. அதனால் முடிவெடுக்கும் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது.

எங்கள் வீட்டு மணியை அத்தனை சுவிஸ்காரர்கள் அடித்தது அதுவரை நடந்ததில்லை. கதிரை போதாமல் கட்டில் விளிம்பிலும் சன்னல் ஓரத்திலும் உட்கார்ந்தார்கள். அம்மா மூன்று நாளாகச் சேர்த்துவைத்த பதற்றம் எல்லாவற்றையும் ரோல்ஸாகவும் கடலை வடையாகவும் பொரித்து அடுக்கியிருந்தார். வாய் நிறைய ரோல்ஸை வைத்துக்கொண்டே அவர்கள் சண்டை பிடித்தார்கள். உறைப்பாலோ கோபத்தாலோ எல்லார் முகமும் சிவந்திருந்தது. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் சமம். அப்பா மட்டும் கை தூக்கவில்லை.

அப்பா பழசுக்குத்தான் என்பதில் ரூடிக்குச் சந்தேகமே இல்லை. அப்பா கம்பளிக் கில்ட்டை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று அவருக்குத் தெரியும். அந்த மகிழ்ச்சியில் என் பக்கம் திரும்பி, "உன் அம்மா என்ன சொல்கிறார் என்று கேள்" என்றார். நான் தமிழில் கேட்டேன். இத்தனை நாளும் அந்தக் கில்ட்டைத் திட்டிய அம்மா, கை துடைத்த துவாயோடு கதவடியில் நின்று, "பழசே நல்லது எண்டு சொல்லு பிள்ளை" என்றார். பிழையாகக் கேட்டுவிட்டேனோ என்று மறுபடியும் கேட்டேன். "ஓம், பழசுதான்" என்றார். நான் ஜெர்மனில் சொன்னதும் ரூடி தொடையில் தட்டிச் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. நாத்யாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "புதுசுக்கு" என்று சொல்லிக் கையைத் தூக்கினார்.

ரூடி மெல்ல எழுந்து, கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

எல்லாரும் போன பின் அடுப்படியில் அம்மாவும் அப்பாவும் வாக்குவாதப்பட்டார்கள்.

"உமக்குத்தானே அது கண்ணில காட்டக் கூடாது? ஏன் அப்பிடிச் சொன்னனீர்?" என்றார் அப்பா.

"அது மணக்கும், கனக்கும், எல்லாம் சரி. ஆனால் அதை உடுத்துக்கொண்டு போகேக்க, றோட்டில உங்களை ஆரும் கிச்சன்காரன் எண்டு நினைக்கேல்லை. இது என்ன, கறுப்புத் துணி, ரெண்டு பை? கிழமை முழுக்கப் போடுற வேலை உடுப்பு மாதிரியே இருக்கு."

அப்பா கோப்பைகளை எடுத்துத் தொட்டிக்குள் வைத்தார். பிறகு, "அந்தப் பிள்ளை விழேக்க பிடிச்சது நான்தானே. அவள்ட தலை என்ர கையிலதான் கிடந்தது. எனக்கு வடிவா இருக்குது எண்டதுக்காக அவளை வெயில்ல நடக்கச் சொல்ல ஏலுமோ?" என்றார். அம்மா மிஞ்சிய ரோல்ஸை ஒரு பெட்டியில் போட்டு, "நாளைக்கு ரூடியிட்டக் குடுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெட்டி திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது. ரூடி குழுவை விட்டு விலகினார். காலை ஒன்பது மணிக் கோப்பியை, "ஸ்னூனி" என்று அவர்கள் சொல்லும் அந்தச் சின்ன இடைவேளையை, இரண்டு பேரும் எப்போதும் பின்வாசல் படியில் சேர்ந்து உட்கார்ந்துதான் கழிப்பார்கள். இப்போது அப்பா சமையலறைக்குள்ளேயே நின்றபடி குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். குழுவுக்குள் தன்னைக் கொண்டுபோனவரையே குழுவிலிருந்து வெளியே அனுப்பிவிட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும். கறுப்புக் கில்ட் வந்தது. அப்பா அதை உடுத்தார். பைகளுக்குள் அவர் எதையும் வைத்ததில்லை.

மார்கழியில், கிறிஸ்மஸை ஒட்டிய நத்தார்ச் சந்தை. பனி விழுந்த சதுக்கத்தில், மெல்லிய பருத்தியோடு நின்ற குழுவினருக்கு முழங்கால் ஊதா நிறமாகிவிட்டது. நானும் அம்மாவும் வறுத்த செஸ்நட் வாங்கிக்கொண்டு முன்வரிசையில் நின்றோம். இரண்டாவது பாட்டு நடந்துகொண்டிருந்தபோது எதிர்ப்பக்கக் கூட்டத்தில் ரூடி நின்றார். பழைய கம்பளிக் கில்ட், அக்குளில் பேக்பைப். வாசிக்க வந்தாரா, வெறுமனே கில்ட்டைக் காட்ட வந்தாரா என்று சொல்ல முடியாத மாதிரி நின்றுகொண்டிருந்தார். அப்பாவும் கண்டுவிட்டார். அடி பிசகாமல், மேளத்தோடு ஓர் எட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து, தனக்கும் நாத்யாவுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டார். நாத்யா ஊதிக்கொண்டே தானும் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

ரூடி அந்தப் பாட்டு முடியும் வரைக்கும் அசையவில்லை. அடுத்தது தொடங்கியபோது பனியில் நடந்து வந்து அந்த இடத்தில் நின்று ஊதத் தொடங்கினார். அம்மா செஸ்நட் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் நாத்யா நடுங்கும் விரல்களால் ரூடியின் கில்ட்டைத் தொட்டு, "உங்களுக்குக் குளிரவில்லையா?" என்று கேட்டாள். "இல்லை" என்று சொல்லிவிட்டு, ரூடி வெகுநேரம் அடக்கிய சிரிப்பைச் சிரித்தார். அதற்குப் பிறகு விரும்பியவர்கள் விரும்பியதை உடுத்தார்கள். ஒரே வரிசையில் கரும்பச்சையும் கறுப்பும் கலந்து போகும். வேறு ஊர்க் குழுக்கள் அதைப் பார்த்துச் சிரித்ததாகக் கேள்வி.

இப்போது நான் பூம்ப்ளிஸ் என்ற இடத்தில் இருக்கிறேன். வார இறுதியில் துன்னுக்குப் போய்வருகிறேன். நாத்யா கல்யாணம் கட்டித் தூரமாகப் போனாள். ரூடி ஓய்வுபெற்று மலைப்பக்கக் கிராமத்துக்குக் குடிபோய், அங்கேயே காலமானார். குழு கலைந்து, கில்ட்டுகள் வேறோர் ஊர்க்காரர் கைக்குப் போயின. குழு பழகிய மண்டபம் இப்போது உடற்பயிற்சிக்கூடம். எது நல்ல கில்ட் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஒரு துணிக்காக அவ்வளவு பேர் முகம் சிவக்கச் சண்டை பிடித்து, பிறகு ஒருவருக்கொருவர் இடம் விட்டு நின்ற காலம் போய்விட்டது என்று மட்டும் தெரியும். அம்மாவும் அப்பாவும் அதே மூன்றாம் மாடியில்தான் இருக்கிறார்கள். மணி அடித்தால் அப்பா இன்னும் சட்டையைச் சரிசெய்துகொண்டுதான் எழுந்து போகிறார். பெரும்பாலும் பொதி கொண்டுவந்தவர், கையெழுத்து வாங்கிக்கொண்டு, உள்ளே பார்க்காமலே படியிறங்கிவிடுவார்.