எவனோ சொல்லிக்கொடுக்கிறான்

நடுவர் எறிந்த புதுப் பந்தை டெல்பர்ட் ஹாகன் முதலில் முகர்ந்து பார்க்கிறான். பிறகு கட்டைவிரலைத் தையல்மேல் ஓட்டுகிறான். பிறகு வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறான். மூன்று பந்துகளில் ஒன்று திரும்பிப் போய்விடும். "இது வேற பந்து," என்பான். எதைவிட வேறு என்று எந்த நடுவரும் கேட்டதில்லை. கேட்டால் ஆட்டம் முடிய இருட்டிவிடும்.

ஆறடி நாலு அங்குலம். கொக்குக் கழுத்து. முப்பத்தைந்து வயது. மினசோட்டாவின் வடக்கு மூலையில் பால் பண்ணை வைத்திருந்த குடும்பம். பேஸ்பாலில் பந்து வீசுவதைத் தவிர அவன் வேறு எதையும் ஆசைப்பட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. அயோவாவில், மிசிசிப்பிக் கரையில் இருக்கும் எங்கள் சின்ன ஊர் அணிக்காக அவன் பந்து வீசியபோது, மட்டையாளர் நிற்கும் தட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து அதைப் பிடித்த கேட்சர் நான். ஆகவே இதை எழுதும் யோக்கியதை எனக்கு உண்டு. எழுதக் கூடாத காரணமும் உண்டு. அது பின்னால் வரும்.

சாப்பாட்டுக் கடையில் சூப் வந்ததும் தன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு என்னுடையதை எடுத்துக்கொள்வான்.

"உனக்கு யாருடா விஷம் வைக்கப்போறா?"

"விஷம்னு யாரு சொன்னா? உப்பை அள்ளிப் போட்டா விரல் வீங்கும். வீங்கினா பந்து நழுவும். அந்தச் சமையல்காரன் எந்த ஊரு, தெரியுமா உனக்கு?"

ஒரே நாவிதரிடம் இரண்டு முறை போகமாட்டான். வண்டியை எப்போதும் தெருவைப் பார்த்தே நிறுத்துவான். விடுதி அறைக்குள் நுழைந்ததும் சுவரில் காதை வைத்து, அடுத்த அறையில் இருப்பவன் இருமுகிறானா என்று கேட்பான். இருமாதவன் ஒட்டுக்கேட்பவன் என்பது அவன் கணக்கு.

பிறவியிலேயே இப்படி இல்லையாம். இருபத்து மூன்று வயதில் பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகுக்குப் போனான். முதல் வருடம் பதினோரு ஆட்டங்கள் வென்றான். சொந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் சுவரில் அவன் முகத்தை ஆளுயரத்துக்கு வரைந்தார்கள். அவனுடைய வளைபந்து மட்டையாளரின் தோளுக்கு நேராக வந்து, முழங்காலுக்குக் கீழே விழுந்துவிடும். இரண்டாம் வருடம் அதே பந்து பார்வையாளர் கூட்டத்துக்குள் போய் விழ ஆரம்பித்தது. அடித்தவர்கள் திணறி அடிக்கவில்லை, காத்திருந்து அடித்தார்கள்.

"தெரிஞ்சு அடிக்கிறானுங்க," என்றான் டெல்பர்ட். "எவனோ சொல்லிக்கொடுக்கிறான்."

எவன்? மைதானத்துக் கடைசியில் இருந்த கேமராக்காரன் என்று முதலில் நினைத்தான். பிறகு துணி துவைப்பவன். பிறகு தொலைபேசியில் பேசிய தன் சித்தப்பா மகன். பயிற்சியாளர்கள் சலித்துப்போய் அவனைக் கீழ் அணிக்கு அனுப்பினார்கள். அங்கே முழங்கையில் தசைநார் கிழிந்தது, அறுவைச் சிகிச்சை நடந்தது, ஒப்பந்தம் போயிற்று. சில வருடங்கள் பால் லாரி ஓட்டினான். தீயணைப்பு நிலையத்துச் சுவருக்குப் புது வண்ணம் அடித்துவிட்டார்கள்.

முப்பத்தொன்றில் எங்கள் ஊருக்கு வந்தான். எங்கள் வீட்டு மாடியறையில் தங்கினான். என் மனைவி நடீன் சமைத்ததை, கிண்ணம் மாற்றாமல் சாப்பிட்டான். ஜூன் மாதம் வரை நல்லபடியாக வீசினான். ஜூலையில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணி வந்தது. இரண்டே இன்னிங்ஸில் வேலியைத் தாண்டி ஐந்து ஹோம் ரன் அடித்தது. ஐந்தும் வளைபந்து.

எந்தப் பந்தை வீசவேண்டும் என்று கேட்சர்தான் விரலால் சைகை காட்டுவான். அந்த அணியின் துணைப் பயிற்சியாளர் என் மைத்துனன். ஆட்டத்துக்கு முன்னால் வண்டி நிறுத்துமிடத்தில் அவனோடு ஐந்து நிமிடம் பேசியிருந்தேன். என் மாமியாரின் இடுப்பு வலியைப் பற்றி.

உடை மாற்றும் அறையில் இருபத்திரண்டு பேருக்கு முன்னால் டெல்பர்ட் எழுந்து நின்றான்.

"லானி, உன் மச்சான்கிட்ட என்ன வித்த?"

சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் என்னைக் கவிழ்த்தது. குற்றம் செய்யாதவன் கோபப்படுவான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த ஆட்டத்திலிருந்து வேறொருவன் கேட்சர். வீசப்போகிறவர்களுக்குக் கை சூடேற்ற ஓரத்தில் பந்து பிடிப்பது என் வேலையானது. அந்த வசந்தத்தில் ஆலங்கட்டி மழைக்கு எங்கள் கூரை உடைந்து, புதிதாகப் போட்டிருந்தோம். மளிகைக் கடைக்காரர் நடீனிடம், "கூரை பளபளன்னு இருக்கே!" என்று இழுத்தார். டெல்பர்ட் எங்கள் மாடியறையைக் காலிசெய்துவிட்டுப் போனான்.

நடீன் பள்ளிக்கூட நர்ஸ். நாளெல்லாம் தொண்டை பார்க்கிறவள். பழி வந்தபிறகும் ஒரு ஆட்டம் விடாமல் தட்டுக்கு நேர் பின்னால் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஆகஸ்டில் ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் சொன்னாள்:

"அவனை எவனும் காட்டிக்கொடுக்கலை. அவனை அவன் தொண்டைதான் காட்டிக்கொடுக்குது. வளைபந்துக்கு முன்னால எச்சி முழுங்குறான். நேர்ப்பந்துக்கு முழுங்கலை."

நடீன் அவனிடம் போய்ச் சொன்னபோது கதவைப் பாதிதான் திறந்தான். "உங்களை யாரு அனுப்பினா?" என்றான்.

"என் புருஷன் பேரு கெட்டுக் கிடக்கு. யாராவது அனுப்பித்தான் நான் வரணுமா?" என்றாள் நடீன். "காலைல மைதானத்துக்கு வா. சைகையே வேண்டாம். என்ன போடணும்னு உன் மனசுக்குள்ளயே வச்சுக்கோ."

மறுநாள் காலை காலி மைதானத்தில் நடீன் தோளில் கைப்பையோடு மட்டையாளர் நிற்கும் இடத்தில் நின்றாள். நான் பின்னால் குந்தினேன். அவன் கை தூக்குமுன்பே அவள் உரக்கச் சொன்னாள்: "நேர்." நேராக வந்தது. "வளைவு." வளைந்தது. பன்னிரண்டு பந்து, பன்னிரண்டும் சரி.

டெல்பர்ட் பந்து வீசும் மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். தொண்டையைத் தடவிப் பார்த்தான். பிறகு, "இது வேற யாருக்குத் தெரியும்?" என்றான்.

மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. அன்றிலிருந்து சூயிங்கம் மென்றபடியே வீசினான். தொண்டை ஓயாமல் அசைந்தால் எவனால் என்ன கண்டுபிடிக்க முடியும்? மிச்சமிருந்த ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தோற்கவில்லை. அடுத்த கோடையில் மேஜர் லீகிலிருந்து அழைப்பு வந்தது. எட்டு வருடம் கழித்து! உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ரகசியம் என்ன என்று கேட்டதற்கு, "மூச்சுப் பயிற்சி" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். என் பெயர் அப்படியே கெட்டுக் கிடந்தது.

மேலே ஏழு வாரம் நன்றாக வீசினான். எட்டாவது வாரம் தோள் கிழிந்தது. அப்புறம் மெக்சிகோ, அப்புறம் எங்கேயோ. இந்த மே மாதம் மறுபடி எங்கள் ஊரில் வந்து இறங்கினான்.

ஏன் இங்கே? அவனைக் கூப்பிட வேறு நான்கு அணிகளாவது இருந்திருக்கும். இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி ஆப்பிள் பணியாரத்தோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றான். நடீன் வாங்கிக்கொண்டாள். அவன் போனபிறகு நான் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "நீயும் அவனை மாதிரியே ஆயிட்ட," என்றாள் அவள். அவன் எனக்கு வணக்கம் சொன்னால் எதற்கு என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் அதற்கும் யோசித்தேன்.

போன சனிக்கிழமை வெளியூர் ஆட்டம் முடிந்து, மத்தியான வெயிலில் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரன் மார்லன் பழைய நையாண்டியை எடுத்தான்.

"மெதுவாப் பேசுங்கடா. லானி காதுல விழுந்தா அவன் வீட்டுக்கு இன்னொரு கூரை வந்துடும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன் வரிசையில் டெல்பர்ட் எழுந்தான்.

"அவன் எதையும் விக்கலை."

சிரிப்பு நின்றது.

"என் தொண்டை காட்டிக்கொடுத்துச்சு. அவன் பொண்டாட்டிதான் கண்டுபிடிச்சா. அந்த ஆகஸ்டுலயே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்த?" என்றான் மார்லன்.

"சொன்னா எல்லாரும் என் தொண்டையைப் பாப்பீங்க. மேல போற நேரம். அவன் பேரு போனாப் போவுதுன்னு விட்டுட்டேன்."

ஓட்டுநர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். டெல்பர்ட் இருக்கைகளைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். இப்போது என்னிடம் என்ன வேண்டும் இவனுக்கு என்று நினைத்தேன். வீசி முடித்த வலது தோளிலிருந்து முழங்கைவரை பனிக்கட்டி வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையை மெல்லத் தூக்கி என் மடிமேல் வைத்தான், அவிழ்க்கச் சொல்லி. பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, கண்களை மூடிக்கொண்டான்.