சந்தனம் வைத்த காமிக்ஸ்

என் மனைவியின் அண்ணனை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஒளிக்க ஒன்றுமில்லை.

போன சரஸ்வதி பூசைக்கு மவுண்ட் வெல்லிங்டனில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கும்பத்துக்கு முன்னால் மகளின் பாடப்புத்தகங்கள், அவற்றின் மேல் என்னுடைய பழைய காமிக்ஸ் இதழொன்று.

“இதென்ன, படம் பாக்கிற புத்தகத்துக்கும் சந்தனமோ?”

“ஓம். இதுவும் புத்தகம்தான்,” என்று அட்டையில் நானே பொட்டு வைத்தேன். வேண்டுமென்றே பெரிய பொட்டு.

மங்கரேயில் சரக்குக் கொட்டகையில் வேலை செய்த வருடங்களில் இடைவேளைக்கு இடைவேளை நான் வாசித்தது அந்தக் காமிக்ஸை வெளியிட்டவர்களின் இதழ்களைத்தான். பெரிய காமிக்ஸ் நிறுவனமொன்றின் மூலையில் கிடந்த சின்னப் பிரிவு. அதுவரை சூப்பர் ஹீரோக்கள் கள்வனைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பறந்துபோவார்கள். இந்தப் பிரிவில் எழுதினவர்கள் அப்படிப் பறக்கவிடவில்லை. கள்வனை விடு, அரசாங்கத்தைப் பிடி என்றார்கள். பக்கத்தின் கரைக்குக் கரை நீண்ட கட்டங்கள், சொல்லே இல்லாத பக்கங்கள், இடிந்த நகரம், இடித்ததும் நாயகன்தான். செத்தவர் செத்தவரே. இன்று திரையில் களைத்துப்போய், தன் பலத்துக்கே பயந்து நிற்கிற நாயகர்கள் பலர் அந்த மூலையிலிருந்து எழும்பி வந்தவர்கள்.

கடலையைக் கொறித்தபடி மச்சான் தொடங்கினார். அதற்கு முந்தின வாரம் தியேட்டரில் பார்த்த படம். நகரத்தைக் காப்பாற்றி முடித்தவன் இடிபாட்டில் தனியே நின்று, செத்தவர்களின் காலிலிருந்து கழன்ற சப்பாத்துகளைப் பொறுக்கி அடுக்குகிறானாம். இப்படி ஒருவரும் யோசித்ததில்லையாம். இருபது வருடத்துக்கு முந்தியே யோசித்தாயிற்று, இந்தா இந்த இதழில், என்றேன்.

“காட்டும் பாப்பம்.”

என் கை இதழை நோக்கி நீண்டது, நின்றது. பூசையில் வைத்ததை விஜயதசமி விடியும்வரை திறந்து வாசிக்கக்கூடாது. திறந்தால், அது புத்தகமில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகும். திறக்காவிட்டால் நான் பொய்யன். போனில் தேடலாம் என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். போனில் எதையும் செய்யலாம் என்று அவர் தட்டிவிட்டார்.

“சாமிக்குப் பின்னால ஒளிஞ்சிட்டார்,” என்றார் தங்கையிடம். என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் வீட்டுக்குள் கிடக்கிறது.

மறுநாள் விஜயதசமி விடிந்ததும் இதழை எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போகாமல், அவர் இருக்கும் நியூ லினுக்குக் காரை விட்டேன். அவர் வாசலில், தூறலில், பக்கத்தை விரித்துப் பிடித்தேன். இடிபாடு, சப்பாத்துகள், குனிந்த முதுகு. ஒரு சொல் இல்லை. மச்சான் கண்ணாடியைத் தேடிப் போட்டு வந்து நெடுநேரம் பார்த்தார். நான் நம்பத் தொடங்கினேன். அதுதான் பிழை.

“அந்தப் படத்தைப் பாத்துத்தான் இதைக் கீறியிருக்கிறாங்கள். நல்லாத்தான் கீறியிருக்கிறாங்கள்.”

உள்ளட்டையில் இதழ் வெளியான வருடம் அச்சாகியிருந்தது. என் விரல் அதன்மேலேயே இருந்தது. காட்டவில்லை, காட்டினால் வருடமும் பொய் என்பார். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம் என்றார். வேண்டாம் என்று மூடினேன். காய்ந்த சந்தனம் உள்ளங்கையில் உதிர்ந்தது.

அடுத்த பூசைக்கும் அதே இதழைத்தான் மேலே வைப்பேன். அவரையும் கூப்பிடுவேன்.